வாளிக்கு அப்டேட் வரவில்லை

தொழில்நுட்பச் செய்தியை இரண்டு விதமான ஊர்களில் உட்கார்ந்து படிக்கலாம். ஒன்று, பொருளை விற்கிற ஊர். இன்னொன்று, பொருளைச் செய்கிற, இறக்குகிற, எரிக்கிற, மிச்சத்தைக் கொட்டுகிற ஊர். முதல் ஊரில் செய்தியைப் படிப்பவர் "விலை எவ்வளவு, கேமரா எப்படி" என்று கேட்பார். இரண்டாவது ஊரில் இருப்பவர் "இது எங்க தலையில எப்ப விழும்" என்று கேட்பார். எர்ணாவூர் இரண்டாவது வகை. தெற்கே திருவொற்றியூர், வடக்கே எண்ணூர், மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் மணலி, கிழக்கே கடல். சென்னை மெட்ரோ கூட எங்க வாசல் வரைக்கும் வந்து விம்கோ நகரில் நின்றுவிட்டது. அந்த 'விம்கோ' ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். தீக்குச்சியின் பெயரில் மெட்ரோ ஸ்டேஷன் வைத்திருக்கிற ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

2024 நவம்பரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனி இத்தாலியின் மிலான் நகரத்தில் ஒரு மின்சார பைக்கைக் காட்டியது. பெயர் 'ஃப்ளையிங் ஃப்ளீ', பறக்கும் தெள்ளுப்பூச்சி. இரண்டாம் உலகப்போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கிய 125 சிசி வண்டியின் பழைய பெயர் அது. தொழில்நுட்பப் பக்கங்கள் எல்லாம் உருகிவிட்டன. எங்க பக்கத்து டீக்கடையில் அந்தச் செய்தியின் ஆயுள் ஒரு டீ. "சத்தமே வராதாமே? அப்பறம் இன்னாத்துக்குபா புல்லட்டு? சைக்கிள்லயே போவலாமே." பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார்: "சத்தம் வர்றதுக்குத் தனியா மிஷின் விப்பாங்கண்ணே, வெயிட் பண்ணு."

இதைச் சும்மா நக்கல் என்று தள்ளிவிட முடியாது. என்ஃபீல்டு இந்தியா 1955இல் தொடங்கியது, அடுத்த வருஷமே திருவொற்றியூர் தொழிற்சாலை தயார். ராணுவத்துக்கு 350 சிசி புல்லட் வேண்டும் என்று அரசாங்கம் கேட்டதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970 வாக்கில் கடையைக் கட்டிவிட்டது, திருவொற்றியூர்தான் அந்தப் பெயரை உயிரோடு வைத்திருந்தது. நடுவில் எத்தனை 'புதுயுகம்' வந்து போனது தெரியுமா? மோஃபா என்று ஒரு குட்டி மொபெட். எக்ஸ்ப்ளோரர், ஃபியூரி. 90களில் டீசல் எஞ்சின் போட்ட புல்லட் கூட வந்தது, 325 சிசி, ஆறரை குதிரைசக்தி. மைலேஜ் பிரமாதம், ஆனால் அதில் உட்கார்ந்து போனவருக்கு வீட்டுக்கு வந்த பிறகும் கை நடுங்கும். புகை விதிகள் இறுகியதும் அதுவும் போனது. இத்தனை அறிமுக விழாக்களையும் கேட்டு நின்றது பழைய புல்லட் ஒன்றுதான். இப்படிப்பட்ட வட்டாரத்தில் மிலான் செய்தி ஒரு டீ வரைக்கும் தாங்கியதே பெரிய மரியாதை.

தொழில்நுட்பச் செய்திக்கு நம்ம ஆட்கள் எப்படி எதிர்வினை செய்தார்கள் என்று யாராவது வரலாறு எழுதினால் இந்தக் கடற்கரையில்தான் தொடங்க வேண்டும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வாலாஜா ரோடு வரை போனது. ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1895இல் மெட்ராஸில் மின்சார டிராம் ஓடியது, இந்தியாவிலேயே முதலாவது. ஆங்கிலப் பத்திரிகைகள் இதையெல்லாம் நாகரிகத்தின் வருகை என்று எழுதின. தமிழ்ப் புலவர்கள் துரையைப் பாடினார்கள். தெருவில் இருந்தவன் என்ன நினைத்தான் என்பது தெரிய வேண்டுமென்றால் குஜிலிக்குப் போக வேண்டும்.

குஜிலி என்பது அந்தக் கால மெட்ராஸின் சாயங்காலச் சந்தை. மட்டமான காகிதத்தில் எட்டு, பதினாறு பக்கம் அச்சடித்த பாட்டுப் புத்தகங்களை அங்கே காலணா, அரையணாவுக்கு விற்பார்கள். முச்சந்தியில் நின்று பாடிக்கொண்டே விற்பதும் உண்டு. கொலை, வெள்ளம், அரிசி விலை, ரயில், ரயில் விபத்து என்று எல்லாம் பாட்டாகும். ஆ.இரா. வேங்கடாசலபதி இவற்றை 'முச்சந்தி இலக்கியம்' என்று பெயரிட்டு நூலாகவே எழுதியிருக்கிறார். எனக்கு இதில் பிடித்த விஷயம், ரயிலைப் பற்றி எழுதியவனுக்கு ரயில் மேல் பக்தியும் இல்லை, விரோதமும் இல்லை என்பது. வேகத்தைப் பார்த்து வாய் பிளப்பான், அடுத்த மூச்சில் டிக்கெட் காசு, கூட்டம், சாதி கலந்து உட்கார வேண்டியிருப்பது, சின்ன அதிகாரியின் அலட்டல் என்று இறங்கிவிடுவான். பண்டிதர்கள் இதை இலக்கியம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு கருவி வந்ததும் தெருவில் என்ன நடந்தது என்று தெரிய, எனக்கு நூறு துதிப்பாடல்களைவிட ஒரு காலணாப் புத்தகம் போதும்.

சில எதிர்வினைகள் பாட்டாகவில்லை, ஒற்றை வார்த்தையாகச் சுருங்கிவிட்டன. 1914 செப்டம்பர் 22 இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து விளக்கடித்துக் குண்டு போட்டது. சுமார் அரைமணி நேரம், நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. 3 லட்சம் கேலனுக்கு மேல் எண்ணெய் போனது. சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். போர்த் தொழில்நுட்பம் என்றால் என்ன என்று மெட்ராஸ்காரனுக்கு நேரடியாகக் காட்டிய முதல் டெமோ அது. பதிலுக்கு அவன் செய்தது கப்பலின் பெயரைப் பிடுங்கித் தன் அகராதியில் போட்டுக்கொண்டது. "அவன் பெரிய எம்டன்பா" என்றால் சாமர்த்தியசாலி, கொஞ்சம் ஆபத்தானவன், ஏமாந்தால் உன்னைத் தூக்கிவிடுவான். கப்பல் அதே வருஷம் நவம்பரில் கொக்கோஸ் தீவுப் பக்கம் அடிபட்டு முடிந்தது. வார்த்தை மூழ்கவில்லை. 2006இல் 'எம்டன் மகன்' என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்பதால் அது 'எம் மகன்' ஆனது. தொண்ணூறு வருஷம் வீட்டுக்கு வீடு புழங்கிய சொல்லுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தொழிற்சாலைகள் வந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் எம்ஆர்எஃப். 1948இல் அசோக் மோட்டார்ஸ். அது சக்கரவர்த்தி அசோகர் இல்லை, நிறுவனர் ரகுநந்தன் சரணின் மகன் பெயர். முதலில் ஆஸ்டின் கார் பூட்டினார்கள், 1955இல் லேலண்டு சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் நாம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன தூரமெல்லாம் இங்கே செய்த வண்டியில்தான். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட் வரை வளர்ந்தது. 90களில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் நிலக்கரி இறக்குவதற்காகவே எண்ணூர் துறைமுகம், இப்போது காமராஜர் துறைமுகம். ஒவ்வொன்றின் திறப்புவிழாவும் முதல் பக்கச் செய்தி. கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது மட்டும் பல வருஷம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

2017 ஜனவரி மாதம். டி.எம். கிருஷ்ணா பாடிய 'பொறம்போக்கு' பாட்டு இணையத்தில் வந்தது. கபேர் வாசுகி எழுதியது, எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. சபா சங்கீதக்காரர் சாம்பல் மேட்டில் நின்று சென்னைத் தமிழில் பாடுகிறார் என்று நகரமே திரும்பிப் பார்த்தது. குஜிலிப் புத்தகக்காரர் இருந்திருந்தால் "இதத்தானய்யா நாங்க நூறு வருஷம் முன்னாடி செஞ்சோம்" என்று சொல்லியிருப்பார். மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை. ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள் என்ற எரிவாயுக் கப்பலும் டான் காஞ்சிபுரம் என்ற எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன.

அதற்கடுத்து நடந்ததைச் செய்தி வரிசையிலேயே படிக்க வேண்டும். முதல் செய்தி: எண்ணெய்க் கசிவு எதுவும் இல்லை. இரண்டாவது: கொஞ்சம் கசிவு. பிறகு எர்ணாவூர்க் கரையில் பாறை இடுக்கெல்லாம் கறுப்புக் கூழ், செத்த ஆமைகள், அள்ளிய கழிவின் கணக்கு டன் டன்னாக ஏறிக்கொண்டே போகிறது. "இல்லை என்றார்களே, அப்புறம் எங்கிருந்து வந்தது" என்று கேட்டவர்களுக்கு ஒரு அறிவியல் பதில் உண்டு, ஆனால் யாரும் அதைப் பொறுமையாகச் சொல்லவில்லை. கொட்டியது கப்பல் எஞ்சினுக்கு எரிக்கிற கனமான எண்ணெய். அதைக் கப்பலிலேயே சூடாக்கித்தான் பம்ப் செய்ய முடியும். கடலில் விழுந்து ஆறியதும் இறுகும். அலை அடிக்க அடிக்கத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு, மோரில் வெண்ணெய் திரள்வது போலத் திரண்டு, கொட்டியதைவிடப் பல மடங்கு பருமனாகும். அதோடு மணலும் சேரும். ஆக, கரையில் அள்ளிய டன்னும் கப்பலிலிருந்து போன டன்னும் ஒன்றல்ல. இது தெரியாததால் ஒரு பக்கம் "பொய் சொல்றாங்க" என்றார்கள், இன்னொரு பக்கம் "வதந்தி" என்றார்கள். முதல் நாள் "இல்லை" என்று சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி இருந்திருக்காது.

மிஷின்கள் வந்தன. சாக்கடை அடைப்பெடுக்கிற லாரிக்கு 'சூப்பர் சக்கர்' என்று பெயர். பெயரைக் கேட்டால் மார்வெல் படத்தில் வருகிற ஆள் மாதிரி இருக்கும். அது சாக்கடைத் தண்ணீரை உறிஞ்சும், இந்தக் கூழை உறிஞ்ச முடியவில்லை. அப்போதுதான் மனிதர்கள் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக் கைமாற்றினார்கள். மீனவர்கள், கல்லூரி மாணவர்கள், கடலோரக் காவல்படை, மாநகராட்சித் தொழிலாளர்கள். அந்தப் படம் உலகம் சுற்றியது. டிஜிட்டல் இந்தியாவும் பக்கெட்டும் என்று மீம் போடாதவன் அந்த வாரம் போன் வைத்திருக்கவே லாயக்கில்லை.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. மோதல் நடந்த பதினெட்டாம் நாள், பிப்ரவரி 15, காலை 9.28 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி37 ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோனது. அன்றைக்கு அது உலக சாதனை. ஸ்ரீஹரிகோட்டா வேறெங்கோ இல்லை, இதே கடற்கரை, பழவேற்காட்டைத் தாண்டினால் வந்துவிடும். ராக்கெட் விடுகிற நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்பார்கள், அதுவும் ஒரு தொழில்நுட்பச் செய்திதான், யாரும் போடமாட்டார்கள். ஒரே கரையில், ஒரே மாசத்தில், மேலே 104 செயற்கைக்கோள், கீழே பக்கெட்.

ஆனால் இந்த மீமோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. வாளி கேலிக்குரிய பொருள் இல்லை. கனமான எண்ணெய் பாறைக்கரையில் ஒதுங்கினால் உலகம் முழுக்கக் கையால்தான் அள்ளுகிறார்கள். 2002இல் ஸ்பெயினில் பிரெஸ்டீஜ் கப்பல் உடைந்தபோது கலீசியாக் கரையில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் மண்வெட்டியும் வாளியும் வைத்துத்தான் அள்ளினார்கள். ஐரோப்பாவிலும் வாளிதான். அங்கே அள்ளியவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளைப் பாதுகாப்பு உடை, முகமூடி, கையுறை போட்டிருந்தார்கள். இங்கே பலர் அரைக்கால் டவுசரில், செருப்போடு, சிலர் செருப்பு கூட இல்லாமல் அந்தக் கூழுக்குள் நின்றார்கள். நாம் சிரித்திருக்க வேண்டியது, சிரிக்கக்கூட இல்லை, கேட்டிருக்க வேண்டியது அந்தக் கையுறையைப் பற்றி. மீம் வாளியைப் பார்த்தது, கையைப் பார்க்கவில்லை.

ஆறு வருஷம் கழிந்தது. 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலாவின் தென்துருவப் பக்கம் இறங்கியது. எங்க தெருவிலும் பட்டாசு வெடித்தார்கள், நானும் கைதட்டினேன், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. இந்த முறை கடலிலிருந்து இல்லை, பின்வாசல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்தது. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. படகு, வலை, மாங்குரோவ் செடி, கூழைக்கடா எல்லாம் ஒரே நிறம். அள்ள வந்தது யார்? மீனவர்கள். எதில்? வாளி, மக்கு, டிரம். 2017க்கும் 2023க்கும் நடுவில் போன் 4ஜியிலிருந்து 5ஜிக்குப் போனது. வாளிக்கு அப்டேட் வரவில்லை.

அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000, மற்றக் குடும்பங்களுக்கு 7,500. அந்த வருஷம் செப்டம்பரில்தான் ஐபோன் 15 வந்திருந்தது. ஆரம்ப விலை 79,900. ஆறு மீனவக் குடும்பங்களின் நிவாரணத்தைச் சேர்த்தால் 75,000. ஒரு போன் வாங்க இன்னும் 4,900 குறையும். இதை நான் டீக்கடையில் சொன்னதும் ஒரு அக்கா கேட்டாங்க: "இ.எம்.ஐ. போட்டா வருமா தம்பி?"

அதே டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பம் பக்கத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அதற்கு இரண்டு மாசம் முன்னால், அக்டோபரில், தமிழ்நாடு முழுக்க எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கிறதா? பேரிடர் எச்சரிக்கைச் சோதனை. "இது சோதனைதான், எதுவும் செய்ய வேண்டாம்" என்று திரையில் வந்தது. கிளாஸில், ஆபீஸில், சாவு வீட்டில் கூட அலறி எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். நல்ல தொழில்நுட்பம், சந்தேகமே இல்லை. செல் டவரிலிருந்து அந்தப் பரப்பில் இருக்கிற அத்தனை போனுக்கும் நம்பர் தெரியாமலே தகவல் போகும். டிசம்பர் ராத்திரியில் குப்பத்து ஜனங்களை எழுப்பியது மூக்கும், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய கையும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ரோட்டுக்கு ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓடினால் தப்பிக்கலாம் என்று அந்த நிமிஷத்தில் தெரிந்திருந்தால் போதும், அதற்கு நிலா வரைக்கும் போக வேண்டாம். அம்மோனியா காற்றைவிட லேசானது, ஆனால் குளிரோடு கசிகிறபோது தரையை ஒட்டிப் பரவும். இது ஒரு பள்ளிக்கூடப் பலகையில் எழுதிப்போடக்கூடிய விஷயம். ஆலைக்கு உள்ளே வேலை செய்பவருக்குப் பயிற்சி உண்டு, சுவருக்கு வெளியே தூங்குபவருக்குக் கிடையாது.

கடைசியாக வந்த தொழில்நுட்பச் செய்தியின் பெயர் 'சூப்பர் கிரிட்டிக்கல்'. எங்க ஊருக்கு வருகிற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சூப்பர் இருக்கும் போல. எண்ணூர்ப் பழைய அனல்மின் நிலையத்தை 2017 மார்ச் 31 அன்று மூடினார்கள். துணி காயப்போடுகிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் அதன் விரிவாக்கம் என்று 660 மெகாவாட் அலகு ஒன்று பல வருஷம் முன்பே தொடங்கிப் பாதியில் நின்று கிடந்தது. அதை மறுபடி எடுப்பதற்காக 2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. சூப்பர் கிரிட்டிக்கல் என்றால் என்ன என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை 374 டிகிரிக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல 220 மடங்குக்கு மேல் வைத்தால் அது கொதிக்காது. நீருக்கும் ஆவிக்கும் வித்தியாசம் மறைந்துபோன நிலையில் டர்பைனைச் சுற்றும். அதே யூனிட் மின்சாரத்துக்குப் பழைய அலகைவிடக் குறைவான நிலக்கரி போதும். இது உண்மைதான். ஆனால் குறைவான நிலக்கரி என்பது நிலக்கரி இல்லை என்று ஆகாது. மூடிய 450ஐவிட 660 பெரியது என்பதும் மாறாது.

இன்னொரு பக்கம் ஏஐ வந்திருக்கிறது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் ஏறிக்கொண்டே போகின்றன. அவற்றுக்குப் போகிற கரண்ட் எந்தக் கொதிகலனிலிருந்து வந்தது என்று யாரும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் ஓடும். நண்பன் ஒருத்தன் "எர்ணாவூரைப் பத்தி கவிதை எழுது" என்று அதனிடம் கேட்டான். 'உப்புக் காற்றின் தாலாட்டு' என்று ஆரம்பித்தது. உப்பு மட்டும்தான் வருகிறது என்று அதற்கு யார் சொன்னார்களோ.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசியவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றே சொன்னார்கள். மறுநாள் டீக்கடையில், பழைய அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்கு நான் இந்த 374 டிகிரி விவரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். முழுசாகக் கேட்டார். "தம்பி, முப்பது வருசம் பாய்லர் பக்கத்துல குந்திக்கினு இருந்தவன் நான். மிஷின் நல்ல மிஷின்தான். சாம்பல எங்க கொட்டுவாங்கன்னு பேப்பர்ல போட்டுருக்கா, அத்த மட்டும் படி."

பேப்பரைப் புரட்டினோம். பின்பக்கத்தில் புது போன் விளம்பரம் இருந்தது.